கிராஸ் ஸ்டிச் டிசைனை 20% சுருக்கலாமா?

ஊசிமுனை: "கிராஸ் ஸ்டிச் டிசைனை எம்ப்ராய்டரி மெஷினுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம், வெறும் கட்டம்தானே" என்று புதிதாகக் கற்பவர்களுக்கு ஒருவர் நேற்று சொல்லியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். கட்டம் என்பதால்தான் கை வைக்கக் கூடாது. 60 கட்டம், கட்டத்துக்கு 2 மி.மீ., ஆக 120 மி.மீ. அகலம். 100 மி.மீ. ஹூப்பில் (துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம்) அடக்க 20% சுருக்கினேன், பாதி இடத்தில் கிராஸ் என்ற உருவமே இல்லை, துணி வீண்.

நூல்கண்டு: சொன்னது நான்தான், பெயரைப் போட்டே எழுதியிருக்கலாம். 60 × 1.6 = 96 மி.மீ. ஹூப்புக்குள் ஜம்மென்று உட்காரும். கிராஸ் சின்னதாகும், எண்ணிக்கை மாறாது. 20% தாராளமாகச் சுருக்கலாம்.

ஊசிமுனை: கிராஸ் சின்னதாகும், நூல் சின்னதாகுமா? 40 நம்பர் நூல் அதே தடிமனில்தான் இருக்கும். கட்டத்தின் பரப்பு 4 சதுர மி.மீ.யிலிருந்து 2.56 ஆகிவிடுகிறது, கிராஸின் ஒவ்வொரு காலையும் (சாய்கோட்டையும்) இரண்டு முறை ஓட்டுகிற டிசைன் என்றால் நடுவில் நூல் மேடு தட்டும், நூல் பிரியாமலிருக்கப் போடும் முடிச்சுத் தையல் 0.5 மி.மீ. இருந்தது 0.4 ஆகி, ஊசி குத்தின இடத்திலேயே குத்திப் பின்பக்கம் சிக்கல் சிக்கலாக நூல் சேரும். 20% கூடவே கூடாது.

பாபின்: அக்கா, சுருக்கும்போது அடர்த்தியைத் தானாகச் சரிசெய்யும் வசதியை ஆன் செய்திருந்தீர்களா? அது சில தையல்களை எடுத்துவிடும், கிராஸுக்கு ஆகாது.

ஊசிமுனை: ஆன் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன? 20% என்றால் 20%தான்.

நூல்கண்டு: அதுதானே பார்த்தேன்! டிக் போட்டுக் கெடுத்தது நீங்கள், பழி 20% தலையில். துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் ஸ்டெபிலைசர் பேச்சிலும் போன மாதம் இதே கதைதான், மெல்லியதை வைத்துவிட்டு டிசைனைத் திட்டினீர்கள்.

ஊசிமுனை: ஸ்டெபிலைசரை எதற்கு இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. மெஷின் படிக்கும் டி.எஸ்.டி. ஃபைலில் 0.1 மி.மீ.க்குக் குறைந்த அளவே கிடையாது, 17% சுருக்கினால் கட்டம் 1.66, ஒன்று 1.7 ஆகவும் அடுத்தது 1.6 ஆகவும் விழும்.

நூல்கண்டு: நாம் பேசுவது 20%. அதில் 1.6 துல்லியமாக வரும். உங்கள் கணக்கே உங்களுக்கு எதிரி.

வெள்ளைத்துணி: கையால் தைப்பவர்கள் டிசைனைத் தொடுவதே இல்லை, துணியை மாற்றுவோம். கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில், அங்குலத்துக்கு 14 கட்டம் வரும் 14 கவுண்டில் கட்டம் 1.81 மி.மீ., 18 கவுண்டில் 1.41. பெரும்பாலும் 2 இழையை 1 இழையாகக் குறைப்போம். மெஷின் போடுவதைக் கிராஸ் ஸ்டிச் என்று சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை.

நூல்கண்டு: மேல் கால் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும், அதில் மெஷின் ஒருநாளும் தப்பாது. உங்கள் கை தப்பாதா?

வெள்ளைத்துணி: என் கையைப் பற்றிப் பேச வேண்டாம். வருஷக்கணக்காகத் தைக்கிறேன்.

பாபின்: மூல வரைபடம் இருந்தால் அதிலிருந்தே 1.6 மி.மீ. கட்டத்துக்குப் புதிதாக மெஷின் டிசைன் எடுத்து, ஒற்றை ஓட்டமாக வையுங்கள். இரண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை.

ஊசிமுனை: அதைத்தானே முதலிலிருந்து கத்துகிறேன்! சுருக்காதே, புதிதாக எடு.

நூல்கண்டு: இரண்டிலும் கட்டம் 1.6 தானே? 20% சுருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஊசிமுனை: நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் துணி இன்னும் என் மேசை மேல் கிடக்கிறது, வந்து தடவிப் பாருங்கள், பிறகு பேசுங்கள் 20%.