மொரிஸ் மைனர் 1000: முதல் மிதியில் பிரேக் பெடல் மிகவும் தாழ்கிறது

வினா:
என்னிடமுள்ள 1961ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் காரின் நான்கு சில்லுகளுக்கும் அண்மையில் புதிய பிரேக் ஷூக்கள் (சில்லோடு சுழலும் ட்ரம் என்ற உருளையின் உட்புறத்தை உரசிப் பிடிக்கும் வளைந்த பாகங்கள்) போடப்பட்டன. அன்று முதல், பெடல் தரையிலிருந்து இரண்டு விரலளவு உயரத்துக்கு இறங்கிய பின்னரே பிரேக் பிடிக்கிறது. உடனே மறுமுறை மிதித்தால் மேலேயே பிடித்துக்கொள்கிறது. பிரேக் ஒயில் எங்கும் கசியவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் (மிதிக்கும்போது பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்கு அழுத்தி அனுப்பும் பகுதி) பிஸ்டனைத் தள்ளும் தண்டைச் சற்று நீட்டினால் போதும் என்கிறார்கள் கராஜில். அவ்வாறு செய்யலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து தண்டில் கை வைக்காதீர்கள். தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான இடைவெளி இருந்தே ஆகவேண்டும். அது இல்லாமற் போனால், பெடலை விட்ட பின்னும் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காமல், ஒயில் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளை அடைபட்டே இருக்கும். ஓட ஓட ஒயில் சூடேறி விரிய, மிதிக்காமலே பிரேக் இறுகிக்கொள்ளும்.

இரண்டாம் மிதியில் பெடல் உயர்வதால், ஷூக்கள் ட்ரம்மிலிருந்து விலகி நிற்கின்றன என்றே கொள்ளவேண்டும். முன் சில்லு ஒவ்வொன்றிலும் சரிசெய்யும் திருகுகள் இரண்டு, பின் சில்லில் ஒன்று. ட்ரம்மில் துளை ஒன்றே இருப்பதால், முன்பக்கத்தில் ஒரு திருகைத் திருப்பியதும் வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ட்ரம்மை அரைச் சுற்று சுழற்றினால் மற்றதும் தெரியும். ட்ரம் அசையாதபடி இறுக்கி, ஒரு பல் மட்டும் தளர்த்துங்கள். பின் சில்லுகளைத் தொடுமுன் கைப்பிரேக்கை முழுதாக விட்டுவிடுங்கள்.

மறுமொழி 2:
ட்ரம்களையும் பாருங்கள். முன்னர் கடைந்ததால் உள்விட்டம் பெருத்திருந்தால், புதிய லைனிங்கின் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) நடுப்பகுதி மட்டுமே உரசும். ஷூ வளைந்துகொடுப்பதிலேயே பெடலின் ஓட்டத்தில் ஒரு பங்கு வீணாகும். லைனிங் தேய்ந்து பொருந்தும் வரை, சில நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை திருகுகளைப் பார்க்கத்தான் வேண்டும்.

வினவியவர்:
முன் இடது சில்லின் இரண்டாவது திருகு துருவேறி, தொடப்படாமலே இருந்தது. இப்போது பெடல் முதல் மிதியிலேயே உயரத்தில் நிற்கிறது. ஆயினும் காலை எடுக்காமல் அழுத்தியபடி இருந்தால் மெல்லத் தாழ்கிறது.

மறுமொழி 1:
அது வேறு கோளாறு. வெளிக்கசிவு உண்மையிலேயே இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் சீல் ஒயிலைப் பின்னுக்கு விடுகிறது. அது மாற்றப்படும் வரை காரை வீதிக்கு எடுக்கவேண்டாம். சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை வெளியே இழுக்க டோர்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீண்ட முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும் என்பதால், அரைநாள் வேலைக்கு ஆயத்தமாக இறங்குங்கள்.