வேப்பம்பூ வடகம் காயவில்லை, கொழும்பில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

மூன்றாவது முறையும் வடகம் பழுதாகிவிட்டது. இடம் வெள்ளவத்தை, மொட்டைமாடி, கடல் பக்கத்தில்தான். பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழை வழக்கம். இரண்டு மணிக்குள் எடுத்து வைத்துவிடலாம். இந்த முறை காலை பத்து மணிக்கே கொட்டுகிறது, அரை மணியில் வெயில் கொளுத்துகிறது, திரும்பவும் இருட்டுகிறது. மூன்றாம் நாள் பிய்த்துப் பார்த்தால் வெளியே மொறுமொறு, உள்ளே உழுந்து பிசுபிசுத்துச் சாம்பல் நிறப் பூஞ்சணம்.

மெல்லிசாகத் தட்டிப் பார்த்தேன். இரவில் மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். அவணில் 60 பாகையில் காய்ந்தது, ஆனால் பூவின் மணமே போய்விட்டது.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொடுத்துவிட்ட பூவில் ஒரு சுண்டுதான் மிச்சம். அதையும் வீணாக்க மனமில்லை. வைகாசியில் தென்மேல் பருவமழை வேறு தொடங்கிவிடும்.

வெயிலை நம்பாமல், மணம் கெடாமல் வீட்டுக்குள்ளேயே வடகத்தை எப்படிக் காயவைக்கலாம்?