பிடித்த ஆல்பங்களைத் தொலையாமல் வைக்க வழி சொல்லுங்களேன்

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். பாட்டைத் தனித்தனியாகக் கேட்காமல் ஆல்பத்தை முழுசாகக் கேட்கிற ஆள் நான். வீணை, நாகஸ்வரம், இளையராஜா எனப் பல வருடமாகச் சேர்த்ததெல்லாம் ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்பின் லைப்ரரியில்தான் இருக்கிறது.

அதில் சில ஆல்பங்கள் திடீரென்று சாம்பல் நிறமாகிவிடுகின்றன, அழுத்தினால் பாடுவதில்லை. தேடிப் பார்த்தால் அதே பதிவு வேறு நிறுவனத்தின் பெயரில், வேறு அட்டையோடு இருக்கிறது. உரிமம் கைமாறினால் இப்படித்தானாம். சரி, மாறட்டும், நான் சேமித்த இடத்திலேயே புதியதை மாட்டிவிடக் கூடாதா? பழைய வித்வான்கள் பாடு இன்னும் மோசம். வீணை வித்வான் காரைக்குடி சாம்பசிவ ஐயர் பெயரையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதலாம். எழுத்து மாறினால் கலைஞர் பக்கமும் இரண்டாகிவிடும்.

வேறு ஆப்புக்கு மாறலாமா என்றும் யோசனை. ஒரு ஆப்பில் சேமித்ததை இன்னொன்றுக்கு மாற்றித் தரும் சவுண்டீஸ், டியூன் மை மியூசிக் இரண்டில் எது தமிழ், கர்நாடக ஆல்பங்களைச் சரியாகப் பொருத்துகிறது? தலைப்பை மட்டும் பார்த்து வேறொருவர் பாடியதைச் சேர்த்துவிடுமோ என்று பயம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாக உள்ள ஐஎஸ்ஆர்சி அடையாள எண்ணோடு பட்டியலை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுத்து வைத்தவர்கள் யாராவது உண்டா?

இன்னொன்று: எங்கள் வீட்டில் முகப்பைத் தாண்டினால் சிக்னல் கிடையாது, சுவர் அவ்வளவு கனம். அப்பத்தா உள்ளே உட்கார்ந்துதான் நாகஸ்வரம் கேட்பார்கள். அதனால் டவுன்லோடு வசதி கட்டாயம் வேண்டும். ஆப் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி இறக்கத்தான் வேண்டுமா?