ஒன்பது வரி திருத்தினேன், 3,812 வரி மாறியதாகக் காட்டுகிறது: புல் ரிக்வெஸ்ட்டில் உதவி தேவை

அச்சுமை:
வணக்கம். அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். தினமும் கேட்கும் ஒரு கட்டற்ற மியூசிக் பிளேயரின் தமிழ் மொழிபெயர்ப்பில் பிழைகள் கண்ணை உறுத்தின. கிட்ஹப்பில் ஃபோர்க் செய்து (எனக்கென ஒரு நகல் எடுத்து), மொழிபெயர்ப்பு வரிகள் இருக்கும் பிஓ கோப்பில் ஒன்பது வரிகளைத் திருத்தி, அதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு முதன்முதலாக ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். அதில் 3,812 வரி நீக்கம், 3,812 வரி சேர்ப்பு என்று வருகிறது. நீக்கிய சிவப்பு வரியையும் சேர்த்த பச்சை வரியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டேன், வித்தியாசமே தெரியவில்லை. இவ்வளவு பெரிய மாற்றத்தைச் சரிபார்க்க முடியாது என்கிறார் பராமரிப்பாளர். விண்டோஸ், நோட்பேட் பிளஸ் பிளஸ். மூடிவிட்டுப் புதிதாக அனுப்பவா?

கிட்பழகி:
மூட வேண்டாம். அதே கிளையில் (உங்கள் திருத்தங்கள் இருக்கும் பிரிவில்) திருத்தி மறுபடி புஷ் செய்தால் (கிட்ஹப்புக்கு ஏற்றினால்) புல் ரிக்வெஸ்ட் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

வரி முடிவுதான் காரணம். லினக்ஸில் ஒரு வரி எல்எஃப் என்ற ஒரே குறியோடு முடியும். விண்டோஸில் சிஆர், எல்எஃப் என்று இரண்டு. சேமித்தபோது எல்லா வரிக்கும் சிஆர் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாது, மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளுக்கு ஒவ்வொரு வரியும் புது வரி.

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸின் கீழ்ப்பட்டையில் 'விண்டோஸ்' என்று இருக்கும். எடிட் மெனுவில் ஈஓஎல் கன்வர்ஷன் போய் 'யூனிக்ஸ்' ஆக்கிச் சேமியுங்கள். பிறகு கமிட்டை (கிட்டில் பதிந்த மாற்றத்தை) அமெண்ட் செய்து, அதாவது அதையே திருத்தி, ஃபோர்ஸ் வித் லீஸ் கொடுத்து (இடையில் வேறு யாரும் மாற்றவில்லை என்றால் மட்டும் பழையதன்மேல் எழுதும்) புஷ் செய்யுங்கள். கிட்டில் வரி முடிவைக் கவனிக்கும் ஆட்டோ சிஆர்எல்எஃப் அமைப்பை 'இன்புட்' ஆக்கிவையுங்கள், இனிமேல் வராது. அதை மட்டும் மாற்றினால் போதாது. சிஆரோடு ஏற்கெனவே கமிட் ஆன கோப்பைக் கிட் தானாகத் திருத்தாது.

அச்சுமை:
நன்றி ஐயா! இப்போது ஒன்பதே வரி. ஆனால் தமிழ்ச் சரிபார்ப்பாளர் வேறொன்று சொல்கிறார்: 'கோப்பு' என்று தேடினால் நான் எழுதிய 'கோப்பு' மட்டும் சிக்கவில்லையாம். நானும் தேடிப் பார்த்தேன், உண்மைதான். எழுத்துப்பிழை இல்லையே?

எழுத்துநோக்கி:
பழைய பாமினி எழுத்துருவில் அடித்து, யூனிகோடு மாற்றியில் போட்டீர்களா?

அச்சுமை:
ஆமாம், கை அதற்குத்தான் பழகியிருக்கிறது.

எழுத்துநோக்கி:
அப்படியானால் இதுதான். யூனிகோடில் 'ோ' ஒரே குறியீடாகவும் இருக்கலாம், 'ே' பிறகு 'ா' என்று இரண்டாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றேதான், தேடலுக்கு வேறு வேறு. பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று விசை அடிக்கிறோம். சில மாற்றிகள் கொம்பை இடம் மாற்றிவிட்டு, காலை அதோடு ஒரே குறியீடாகச் சேர்க்காமல் தனியாக விட்டுவிடும்.

சோதித்துப் பாருங்கள்: 'கோ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டுங்கள். பெரும்பாலான எடிட்டர்களில், சரியானதென்றால் 'க' மிஞ்சும், உடைந்ததென்றால் 'கே' மிஞ்சும்.

பைத்தான் நிரல்மொழியில் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூல் கூடவே வருகிறது. நீங்கள் எழுதிய வரிகளை மட்டும் அதில் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறியீடுகள் ஒன்றாகச் சேர்ந்த வடிவம்) மாற்றுங்கள். மொத்தக் கோப்பையும் போட்டால் மற்றவர்கள் எழுதிய வரிகளும் மாறி, பழையபடி பெரிய டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) வந்து நிற்கும்.

ஒன்றை என்எஃப்சி கண்டுபிடிக்காது. உங்கள் ஏழாவது வரியில் 'மௌனமாக்கு' என்பதில் 'மெ', அடுத்து 'ள' என்ற தனி எழுத்தே இருக்கிறது. கணினிக்கு அது 'மெ-ள-ன'. திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு அப்படியே படித்துக்காட்டும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும். இதற்காகவே கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்கிறேன், அந்தப் பொத்தானைப் பார்க்காமல் காதால் மட்டும் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அச்சுமை:
பேக்ஸ்பேஸ் தட்டினேன், 'கே' மிஞ்சியது! இத்தனை வருடம் எத்தனை அழைப்பிதழில் இப்படிப் போயிருக்குமோ. காகிதத்தில் தெரியாது. ஐந்து இடங்களை மாற்றிவிட்டு, 'மௌனமாக்கு'வைக் கையால் அடித்தேன். இன்று காலை சேர்த்துக்கொண்டார்கள். அதே கோப்பில் பழைய வரிகளிலும் 'மெ-ள' நான்கு இருக்கிறது. தனிக் கமிட்டாக அனுப்பலாமா?

எழுத்துநோக்கி:
தனிக் கிளையில், தனி புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்புங்கள். காரணத்தைக் கமிட் செய்தியில் இரண்டு வரி எழுதுங்கள். தமிழ் தெரியாத பராமரிப்பாளருக்குப் பழசும் புதுசும் ஒன்றுபோலத்தான் தெரியும்.