வழுக்குமரம் ஏறக் கூப்பிடுறாங்க, போகலாமா?

எண்பத்துநாலு கிலோ:
கோகுலாஷ்டமிக்கு எங்க ஊர்ல வழுக்குமரம் நடுவாங்க. இத்தனை வருஷமும் நான் மொபைல்ல வீடியோ எடுத்ததோட சரி. இந்தத் தடவை எங்க தெருப் பசங்க வந்து, "அண்ணே, அடியில நிக்க ஒரு ஆள் குறையுது. நீங்க சும்மா நின்னாலே போதும்"னு கேக்குறாங்க. என் எடையைப் பார்த்துத்தான் கூப்பிடுறாங்கன்னு தெரியாமலா இருக்கு? வயசு 36. வீட்ல "போனா அன்னிக்கு சோறு கிடையாது"ன்னு சொல்லியாச்சு. வழுக்குமரமோ தென்னையோ, மரம் ஏறுற போட்டியில இறங்கினவங்க, கிட்ட நின்னு பார்த்தவங்க, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.

காவிரிக்கரை:
தம்பி, மூணு வருஷம் இறங்கினவன் சொல்றேன். அதுல ரெண்டு வருஷம் தோத்தோம், ஒரு வருஷம் ஜெயிச்சோம்.

பார்க்கணும்னா யோசிக்கவே வேண்டாம், கிளம்பிடுங்க. திருவையாறு பக்கம் வரகூர் பெருமாள் கோயில் உறியடிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. விடிய விடியக் கூட்டம். இறங்குறது வேற கதை.

எங்க ஊர் மரம் நாப்பது அடி. பட்டையை உரிச்சு இழைச்சு, ரெண்டு நாளா விளக்கெண்ணெயும் சோத்துக்கத்தாழையும் உளுந்த மாவும் பூசுவாங்க. கடைசி ராத்திரி மெக்கானிக் கடைப் பையன் ஒருத்தன் ஒரு டப்பா கிரீஸைக் கொண்டுவந்து அவன் பங்குக்கு அப்பிட்டுப் போவான். முதல்ல ஏறுற அணி ஜெயிச்சு நான் பார்த்ததே இல்லை. அவங்க வேலை வயித்தாலயும் தொடையாலயும் மரத்தைத் துடைச்சுக் கொடுக்கிறதுதான். அதனால குலுக்கல் சீட்டுல கடைசி நம்பர் வந்தா பாதி ஜெயிச்ச மாதிரி.

நீங்க அடி ஆள்ங்கிறதால அதை மட்டும் விரிவா சொல்றேன். கன்னத்தை மரத்துல ஒட்டி, பக்கத்து ஆள் தோளைக் கோத்துப் பிடிச்சிட்டு நிக்கணும். மேல என்ன நடக்குதுன்னு ஒண்ணுமே தெரியாது. தோள்ல நிக்கிறவன் கால் நடுங்கினா, அவனுக்கு மேல இருக்கிறவன் வழுக்குறான்னு அர்த்தம். கண்ணைத் திறந்தா மஞ்சத்தண்ணி, மூடினா கிரீஸ் வாசனை. ஏறுறவன் காலை உங்க கழுத்தை ஒட்டி வைக்கணும், அதை முன்னாடியே கறாரா சொல்லிடுங்க. தோளோட ஓரத்துல வச்சான்னா அந்தப் பக்கம் சரிஞ்சு மொத்த அடுக்கும் வந்துடும். இடுப்புல பழைய வேட்டியை நாலா மடிச்சு இறுக்கிச் சுத்திக்குங்க. மறுநாள் முதுகு உங்களுக்கு நன்றி சொல்லும்.

சரியும்போது மரத்தைக் கட்டிக்கிட்டே சறுக்கினா உடம்புல சிராய்ப்போட போயிடும். பயந்து கையை விட்டு மல்லாக்க விழுறவனுக்குத்தான் அடி. ரெண்டாவது வருஷம் நான் அப்படித்தான் விழுந்தேன். அந்த வருஷம் விழாக் கமிட்டி மணல் கொட்டாம, நாலு கட்டு வைக்கோலைப் பரப்பிட்டு விட்டுட்டாங்க. வலது மணிக்கட்டுல ஆறு வாரம் மாவுக்கட்டு. அதனால முதல்ல தரையைப் பாருங்க, அப்புறம் மரத்தைப் பாருங்க. முழங்கால் புதையுற அளவு மணல் இல்லேன்னா பேசாம வீட்டுக்கு வந்துடுங்க. அடி ஆள் மேலதான் எல்லாரும் விழுவாங்க.

ஜெயிச்ச வருஷம் பண முடிப்பு 5,001 ரூபாய். பதிமூணு பேர், ஆளுக்கு 384. மீதி ஒன்பது ரூபாயை உண்டியல்ல போட்டோம். சோப்பு, சீயக்காய், தூக்கிப்போட்ட சட்டைன்னு கணக்குப் பார்த்தா நஷ்டம்தான்.

வாவிக்கரை:
மட்டக்களப்பில எங்களுக்கு இது சித்திரை வருஷப் பிறப்பு விளையாட்டு. கயிறிழுத்தல், முட்டி (பானை) உடைத்தல், தலையணைச் சண்டை எல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் வழுக்குமரம். சிங்கள ஊர்களில லிஸ்ஸன கஹ எண்டு சொல்லுவாங்க. உச்சியில கட்டின கொடியை எடுத்தால் வெற்றி.

ஒருமுறை காற்சட்டைப் பை நிறைய மணல் கொண்டுபோனன், மரத்தில பூசிப் பூசி ஏறலாமெண்டு. கால்வாசிதான் ஏறியிருப்பன், கீழ நிண்டவன் என்ர காற்சட்டையைப் பிடிச்சுத் தொங்கிட்டான். மணலும் போச்சு, காற்சட்டையும் போச்சு. பத்து வருஷமாகியும் ஊரில அதைச் சொல்லிச் சிரிக்கினம். இறங்குற எண்டால் பெல்ட் கட்டிக்கொண்டு இறங்குங்க, அண்ணன்.

தென்னந்தோப்பு அக்கா:
நான் பொள்ளாச்சிப் பக்கம். மிஷின் போட்டுத் தென்னை ஏறுறதுதானுங்க தொழில். கண்ணூர் செம்பேரி ஜோசப் கண்டுபிடிச்ச மிஷின் இருக்குதுங்களே, ரெண்டு காலுக்கும் ரெண்டு மிதி, மரத்தைச் சுத்திக் கம்பிக் கயிறு, அதுதான். தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல ஆரம்பிச்ச பயிற்சியெல்லாம் இந்த மாதிரி மிஷின்லதான்.

செப்டம்பர் 2 உலகத் தென்னை தினத்துக்கு ஒரு விழாவுல ஏறுற போட்டி வச்சாங்க. எனக்குக் கொடுத்த மரம் அடி பெருத்தது, பக்கத்துல இருந்தவருக்கு ஒல்லி மரம். அடி பெருத்தா கயிறை நீட்டி மாட்டோணும், மேல போகப் போகத் தொளதொளன்னு ஆயிடும், நடுவுல நின்னு சரி பண்ணோணும். நான் சரி பண்றதுக்குள்ள அவரு காயைத் தொட்டுட்டாரு. மரம் ரெண்டும் ஒண்ணா இல்லையேன்னு கேட்டேன். "ஏம்மா, மரம் என்ன அச்சுல வார்க்கிறதா?"ன்னு சிரிச்சாங்க. பதில் சொல்லாம வந்துட்டேன். கோவம் மட்டும் இன்னும் போகலீங்க.

பயிற்சியில அவசரப்படாதேன்னு சொல்லித் தருவாங்க, போட்டியில அவசரப்படுன்னு விசில் ஊதுவாங்க. அது எனக்குப் பிடிக்கலை. ஆனா கீழே இறங்கினதும் தோட்டக்காரங்க ஆறு பேரு நம்பர் வாங்கிட்டாங்க, அதுல நாலு பேரு தோப்புல இன்னிக்கும் நான்தான் காய் இறக்குறேன். அதுக்காகவே இன்னொரு தடவை கூப்பிட்டாலும் போவேனுங்க.

சும்மா பார்க்கிறவன்:
வேகம்னு சொன்னதும் ஞாபகம் வந்தது. பிஜித் தீவுல சுவா நகரப் பூங்காவுல 1980ல நடந்த தென்னை ஏறும் போட்டியில ஃபுவாத்தாய் சோலோன்னு ஒரு பையன், ஒன்பது மீட்டரை வெறுங்காலோட 4.88 வினாடியில ஏறி கின்னஸ்ல இடம்பிடிச்சான். ஜெயிச்ச சந்தோஷத்துல பரிசுப் பணத்தை வாயில கவ்விக்கிட்டு மறுபடியும் ஏறினானாம். எனக்கு மாடிப்படி ஏறவே அதைவிட நேரம் ஆகுது.

பனங்கூடல்:
நான் ரொறன்ரோவில மரம் ஏறிக் கொப்பு வெட்டிப் பராமரிக்கிற வேலை, பதினோராவது வருஷம். இஞ்ச எங்கட தொழிலாளருக்கெண்டே போட்டி இருக்கு. ஐ.எஸ்.ஏ. எண்ட சர்வதேச மரப் பராமரிப்பு அமைப்பு 1976ல சென் லூயிஸில துவக்கினது இப்ப உலகப் போட்டியாய் வளந்திட்டுது. வழுக்குமரத்துக்கு நேர் எதிர் எண்டு வையுங்கோ. கயிறு பூட்டாமல் மரத்தில நிண்டால் ஆளை வெளியில அனுப்பிப் போடுவினம்.

முதல் முறை போனபோது ஏறவே விடேல்லை. ஏறமுதல் உங்கட கயிறு, கொளுக்கி எல்லாத்தையும் ஒவ்வொண்டாய்ப் பரிசோதிப்பினம். என்ர கயிற்றில ஒரு விரல் அகலத்துக்கு மேலுறை தேஞ்சு கிடந்தது. அதோடதான் முதல்நாள் வரைக்கும் வேலை செய்தனான். அந்தக் கயிற்றைக் கையில வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் வாகனத்துக்குள்ள இருந்தன்.

அடுத்த வருஷம் ஏறினன். எனக்குப் பிடிச்சது கொப்பு நடை. கொப்பின்ர நுனியில ஒரு மணி தொங்கும், உடம்புப் பாரத்தைக் கயிற்றில வைச்சுக்கொண்டு கொப்பை வளைய விடாமல் நடந்துபோய்க் கைவாளால மணியைத் தட்ட வேணும். அது சரியாய்ச் செய்தன். கவிழ்ந்தது மீட்பில. மரத்தில ஆள் அளவு பொம்மை ஒண்டு காயப்பட்டுத் தொங்கும். விசில் ஊதின உடன நான் குரங்கு மாதிரி ஏறிப்போட்டன். கீழ நிண்டு "கேக்குதோ, என்ன நடந்தது?" எண்டு அந்தப் பொம்மையைக் கேட்க வேணும், அம்புலன்சுக்குச் சொல்ல வேணும், மின்கம்பி இருக்கோ எண்டு பார்க்க வேணும். ஒண்டும் செய்யேல்லை. பொம்மையோட ஆர் கதைப்பினம் எண்டு நினைச்சன். அண்டைக்குப் பிறகு வேலைத்தலத்தில மேல ஏறி நிக்கிறவனை இடைக்கிடை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறது பழக்கமாய்ப் போச்சு.

என்ர அப்பப்பா காலில மாட்டுற தளைநாரோட பனை ஏறினவர். நாளுக்கு இருபது மரம், காலையிலயும் பின்னேரமும். மணி அடிக்கிறதுக்கு மரம் ஏறுற பேரனைக் கண்டிருந்தால் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்.

தம்பிக்கு என்ர பதில்: போங்கோ, ஆனால் விழுந்தால் ஆர் தூக்குறது, எந்த வாகனத்தில கொண்டுபோறது எண்டு முதலே கேளுங்கோ. கேட்டால் சிரிப்பினம். கேளுங்கோ.

எண்பத்துநாலு கிலோ:
எல்லாருக்கும் நன்றி. கேட்டேன், சிரிச்சாங்க. சிரிச்சிட்டு ஒருத்தன் அவன் மாமாவோட ஆம்னி வண்டியை நிறுத்தி வைக்கிறதா ஒத்துக்கிட்டான். கமிட்டிகிட்ட மணல் ரெண்டு லோடு கேட்டதுக்கு ஒண்ணுன்னாங்க. மீதி ஒண்ணுக்கு தெருவுல வசூல் பண்றோம்.

நேத்து ராத்திரி பள்ளிக்கூட மைதானத்துல கம்பத்தைச் சுத்தி ஒத்திகை. கழுத்தை ஒட்டிக் காலை வைடான்னு முதல்லயே சொல்லிட்டேன். ரெண்டு பேர் ஏறுற வரைக்கும் நின்னேன், மூணாவது ஆளுக்கு முட்டி மடங்கிருச்சு. வீட்லயும் வந்து ஓரமா நின்னு பார்த்தாங்க. திரும்பி வரும்போது, "சோறு போடுறேன், அந்த வேட்டியை மட்டும் நான் துவைக்க மாட்டேன்"னாங்க. கிரீஸ் கறை எதுல போகும்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.