கிரானுக்கு ஒரு சொல்: வேளைப்பணி

வணக்கம் நண்பர்களே,

சேவையகங்களில் குறித்த நேரம் வந்ததும் நிரல்களைத் தானாக ஓடவிடும் மென்பொருள் கிரான் (cron). அது ஓடவிடும் வேலையான கிரான் ஜொப் என்பதற்கு நீங்கள் இதுவரை பரிந்துரைத்த தமிழ்ச் சொற்களில் ‘கால அட்டவணைப்படுத்தப்பட்ட பணி’தான் முன்னுக்கு நிற்கிறது. பொருளில் பிழையில்லை. ஆனால் போன கிழமை கொழும்பில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சேவையகக் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் தமிழாக்கும்போது அதைப் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கப் பட்டியலில் ‘கால அட்டவணைப்படு…’ என்று வெட்டுப்பட்டு நின்றது. ‘நேரசூசிப் பணி’ குறுகியது, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தினமும் சொல்வது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அது பழக்கமில்லை. அதைவிட, நேரசூசி என்பது எழுதி ஒட்டிய பட்டியல். ஓடுகிற வேலைக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை.

‘இடைவெளிப் பணி’ பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அஞ்சல்பெட்டியைப் பார்த்துவரும் நிரலை நினைத்தால் பொருத்தம் போலத்தான் தெரியும். ஆனால் கிரான் இடைவெளியை அளப்பதே இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துக் கடிகாரத்தைப் பார்க்கிறது. நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்ற ஐந்து கட்டங்களில் எழுதியதோடு அந்த நேரம் ஒத்துவரும் வரிகளை ஓடவிட்டுவிட்டு மறுபடி தூங்கப் போகிறது. நிமிடக் கட்டத்தில் */7 என்று எழுதிப் பாருங்கள். 0, 7, 14 என்று போய் 56இல் ஓடும். அப்புறம் ஏழு நிமிடம் காத்திருக்காது. அடுத்த மணியின் 0 வந்ததும், அதாவது நான்கே நிமிடத்தில், மறுபடி ஓடும்.

முந்தைய ஓட்டம் முடிந்ததா என்றும் அது பார்ப்பதில்லை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை கோப்புகளைப் பிரதியெடுக்கும் நிரல் ஒன்றை நான் போட்டிருந்தேன். கோப்புகள் பெருகி ஒரு ஓட்டத்துக்கு ஏழெட்டு நிமிடம் பிடிக்கத் தொடங்கியதும், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிச் சேவையகமே திணறிவிட்டது. முந்தைய ஓட்டம் முடியும்வரை அடுத்ததைத் தடுக்கும் பூட்டுக் கோப்பு ஒன்று வைத்த பிறகுதான் அடங்கியது. ‘இடைவெளி’ என்று மனதில் பதிந்திருந்ததால் வந்த வினை அது.

இதற்குச் சரியான சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. வெள்ளவத்தையில் பாமசியொன்றில் அம்மாவுக்கு வாங்கிய குளிசை உறையில் ‘3 வேளை’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலைக் குளிசை ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் மத்தியானக் குளிசையை அம்மா தள்ளிப்போடுவதில்லை. வேளை வந்ததும் போட்டுக்கொள்கிறார். கிரான் செய்வதும் அதுதான். ஆகவே கிரான் ஜொப் ‘வேளைப்பணி’, அந்தப் பணிகளின் வரிகளை எழுதிவைக்கும் கோப்பான கிரான்டாப் ‘வேளைப்பட்டி’.

ஐந்து நிமிடத்தை வேளை என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். “நல்ல வேளை, பஸ்ஸைப் பிடித்தேன்” என்கிறோமே, அங்கே வேளை ஒரு கணம்தான். நீளத்தை அது குறிப்பதில்லை, குறித்த பொழுதைத்தான் குறிக்கிறது. ‘வேலை’யோடு குழம்பும் என்பது இன்னொரு கவலை. வேலைப்பணி என்று நாம் யாரும் சொல்வதில்லை. பின்னால் ‘பணி’ வந்ததுமே எது என்று தெளிந்துவிடும்.

வேளை, இடைவெளி இரண்டையும் பிரித்துப் பேச வேண்டிய தேவை இலங்கையில் கூடுதலாகவே உண்டு. 1996இல் நம் கடிகாரத்தை இருமுறை மாற்றினார்கள்: மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு. 2006 ஏப்ரலில் இன்னொரு அரை மணித்தியாலத்தைக் குறைத்து, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன் என்ற பழைய கணக்குக்கே வந்துசேர்ந்தோம். இப்படிக் கடிகாரத்தைத் திருப்பினால் வேளை நகரும், இடைவெளி நகராது. கிரானைப் போலவே லினக்ஸில் நிரல்களை ஓடவிடும் சிஸ்டம்டி டைமரில், கடைசியாகத் தொடங்கியதிலிருந்து இத்தனை நிமிடம் கழித்து ஓடு என்று சொல்லும் வசதி இருக்கிறது. ‘இடைவெளிப் பணி’யை அதற்கு வைத்துக்கொள்வோம். நல்ல சொல், வீணாக்க வேண்டாம்.

மிச்சம் இருப்பது பின்னணியில் இருந்து நேரம் பார்க்கும் கிரான் நிரலின் பெயர். எனக்கு முதலில் தோன்றியது ‘வேளைக்காரன்’. பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றில், புத்தரின் புனித தந்தம் இருந்த ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் வேளைக்காரப் படையினர். உரிய வேளையில் உயிரையும் கொடுக்கக் காத்திருப்பவர்கள் என்று அந்தப் பெயருக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் இங்கே ‘பணி’யின் துணை இல்லை, காதில் வேலைக்காரன் என்றே விழும். அந்தப் படையின் தொழிலைக் கொண்டு ‘வேளைக்காவல்’ என்று வைத்தால் குழப்பம் இல்லை.

வரும் திங்கட்கிழமை மூன்றையும் எங்கள் பக்கத்தில் ஏற்றப் போகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். முக்கியமாக ‘வேளைப்பட்டி’, ‘பட்டி’ என்றதும் மாட்டுப்பட்டி நினைவுக்கு வருகிறது என்று பக்கத்து மேசையில் ஒருவர் சொல்கிறார். ‘வேளைப்பட்டியல்’ என்று நீட்டினாலும் திரையில் இடம் போதும், பார்த்துவிட்டேன்.