கொழுக்குமலைப் பனி படத்தில் சாம்பலாக வருகிறது, ஏன்?

போடிக்காரன்: விடியற்காலையில் மேகக்கடல் கண்ணுக்கு வெள்ளைவெளேரென்று தெரிகிறது, படத்திலோ அழுக்குச் சாம்பல். கையில் இருப்பது கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ்தான். என்ன செய்யலாம்?

மலைக்கிறுக்கன்: கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும் தம்பி. வெள்ளை அதிகமானால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வரை ஏற்றுங்கள், ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டக் கூடாது. சூரியன் ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது, குறைக்க வேண்டியிருக்கும். பனியில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். முகட்டின் விளிம்பில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், எல்லாரும் அகலமாகக் காட்டும் 18-லேயே எடுப்பார்கள். தூரத்தை இழுத்துக் காட்டும் 55-க்குப் போங்கள், அடுக்கடுக்கான முகடுகள் நெருங்கித் தெரியும்.

போடிக்காரன்: நன்றி அண்ணா. அடுத்து முட்டம் கடற்கரைக்குப் போகிறேன். அங்கே?

நெய்தல்: ட்ரைபாட் வைத்து, ஷட்டர் அரை விநாடி. அலை திரும்பி வடியும்போது அழுத்துங்கள், பாறைமேல் நீர் கோடுகோடாக விழும். முப்பது விநாடி வைத்துக் கடலைப் பாலாக்குவது எனக்குப் பிடிக்காது, அவரவர் ரசனை. லென்ஸில் உப்புத் தூறல் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், முதலில் ஈரத்துணி. வீடு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

மலைக்கிறுக்கன்: பாசி பிடித்த பாறைப் பக்கமே போகாதீர்கள், வழுக்கும்.